அதே விரல்கள், வேறு மாநிலம்

“மாறுதல் ஆணை கைக்கு வந்துவிட்டதா?” என்று கேட்டார் அப்பா. 2023 ஏப்ரல் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியில் காலை, பாளையங்கோட்டையில் சாயங்காலம். என் கணவருக்கு டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் பக்கம் வேலை உறுதியாகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

“இங்கே அப்படி ஒன்று கிடையாதப்பா.”

“ஆணை இல்லாமல் எப்படிப் போய்ப் பணியேற்பாய்?”

அப்பா 33 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்தவரைத் தர்மபுரிக்குத் தூக்கிப் போட்டபோது நான் இரண்டாம் வகுப்பு. வீட்டில் அழுகை, சாபம் எல்லாம் இருந்தது. ஆனால் காகித வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆணை வந்தது, தலைமையாசிரியர் பிற்பகலில் விடுவித்தார், அப்பா இரவு பஸ் ஏறினார், மறுநாள் முற்பகலில் பணியேற்றார். அவருடைய பணிப்பதிவேடு பின்னாலேயே பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்தது. தர்மபுரியில் யாரும் அவரைப் பார்த்து, “நீங்கள் உண்மையிலேயே ஆசிரியர்தானா?” என்று கேட்கவில்லை.

என்னை 2023இல் டெக்சஸில் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் நியூ ஜெர்சியில் ஏழு ஆண்டு பாடம் நடத்திவிட்டு அந்தக் கேள்விக்கு முதலிலிருந்து பதில் சொல்வது எப்படி இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இரண்டு வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். போன வாரம் வட கரோலினாவுக்குக் குடிபோகும் ஒரு தோழி, “உன் சான்றிதழை எப்படி டெக்சஸுக்கு மாற்றினாய்?” என்று கேட்டாள். மாற்றவே இல்லை என்பதுதான் அவளுக்கு நான் சொன்ன முதல் வாக்கியம்.

அமெரிக்காவில் ஆசிரியர் சான்றிதழை நாடு தருவதில்லை, மாநிலம் தருகிறது. அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லாததால், அது மாநிலங்களின் பாடாகப் போய்விட்டது. ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது விதிப் புத்தகம். ஒரு மாநிலத்தின் சான்றிதழை வைத்துக்கொண்டு இன்னொன்றில் அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் நுழைய முடியாது. அதைக் காட்டி அங்கே புதிதாக ஒன்றுக்கு விண்ணப்பிக்கத்தான் முடியும். இதற்கு இங்கே ஆசிரியர்கள் வாயில் புழங்கும் சொல் ‘ரெசிப்ராசிட்டி’. சொல்லைக் கேட்டால் சம்பந்தி வீட்டு உறவு போல இருக்கும், நீ என் பெண்ணை எடு, நான் உன் பெண்ணை எடுக்கிறேன் என்பது மாதிரி. நாஸ்டெக் என்கிற மாநிலக் கல்வி அலுவலர்களின் அமைப்பு ஒன்று உண்டு. அதன் வழியாக மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கின்றன. நான் உட்கார்ந்து வாசித்தேன். எந்த மாநிலம் எந்த மாநிலத்தின் எந்த வகைச் சான்றிதழைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அதில் இருக்கிறது. அதற்கு மேல் தங்கள் மாநிலத்துக்கென்று உள்ள தேர்வு, பாடநெறி, பின்னணிச் சோதனை எல்லாவற்றையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பெண்ணை எடுப்பார்கள், சீர்வரிசைப் பட்டியல் தனி.

அந்த 2023இலேயே மாநிலங்களுக்கிடையிலான புதிய ஆசிரியர் இடப்பெயர்வு உடன்படிக்கை ஒன்று உயிர்பெற்றது. பத்து மாநிலங்கள் சட்டமாக்கினால் நடைமுறைக்கு வரும் என்று வைத்திருந்தார்கள். கொலராடோ, யூட்டா, கென்டக்கி, ஓரிகன் என்று வரிசையாகச் சேர்ந்து அந்த ஆண்டு பத்து ஆனது. ஓய்வறையில் என் சக ஆசிரியை ஒருத்தி அந்தச் செய்தியைக் காட்டி, “உனக்கு யோகம்தான்” என்றாள். அந்தப் பத்தில் நான் விட்டுப் போகும் மாநிலமும் இல்லை, போய்ச் சேரும் மாநிலமும் இல்லை. பட்டியலை இரண்டு முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன், ரேஷன் கடைப் பட்டியலில் பெயர் தேடுகிற மாதிரி.

என் நியூ ஜெர்சிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. கணிதம், பிறகு பி.எட். (அப்போது அது ஓராண்டுப் படிப்பு). எச்-4 விசாவில், அதாவது வேலைக்கு வந்தவரின் மனைவியாக வந்து, வேலை அனுமதி இல்லாமல் ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். 2015 மே மாதம் எங்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி தர ஆரம்பித்தார்கள். அட்டை கைக்கு வந்த வாரமே என் மதிப்பெண் பட்டியல்களை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். ஆசிரியராக விரும்புபவர்களுக்கான ப்ராக்ஸிஸ் கணிதத் தேர்வு எழுதினேன். 2016இல் தகுதிச் சான்று, செப்டம்பரில் வேலை, ஒரு மூத்த ஆசிரியையின் மேற்பார்வையில் இரண்டு ஆண்டு தற்காலிகச் சான்றிதழ், 2018இல் நிலையான சான்றிதழ். நியூ ஜெர்சியின் நிலையான சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது. அதைக் கையில் வாங்கிய அன்று, இனி யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நம்பினேன். அதன் மேல் மாநிலத்தின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் சிக்கல் நாள்கணக்கு. நியூ ஜெர்சியில் பணி நிரந்தரம் பெற்ற ஆசிரியர் வேலையை விடுவதென்றால் 60 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதை மீறினால் சான்றிதழையே ஓராண்டு வரை நிறுத்தி வைக்க இடமிருக்கிறது. பள்ளி ஜூன் கடைசி வாரத்தில் முடிகிறது. ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் ராஜினாமா. டெக்சஸிலோ பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடுகிறது, இங்கே போல் செப்டம்பர் அல்ல. அங்கே சான்றிதழ் வருமா என்று தெரியாமல் இங்கே இருப்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கிளையை விட்டு அடுத்த கிளையைப் பிடிப்பதற்குள் குரங்கு காற்றில் இருக்கும் அல்லவா, அந்த நேரம் எனக்கு மூன்றரை மாதம்.

ராஜினாமாக் கடிதத்தை ஒரு வியாழக்கிழமை கொடுத்தேன். அன்று மாலையே டெக்சஸ் கல்வி முகமையின் தளத்தில் கணக்குத் திறந்து, ‘வெளிமாநிலச் சான்றிதழ் பரிசீலனை’ என்ற விண்ணப்பத்தைப் போட்டேன்.

இனி பெயர் புராணம். இதற்குத் தமிழர்கள் தவிர வேறு யாரும் என்னோடு சேர்ந்து அழ மாட்டார்கள்.

என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு முன்னெழுத்து, அப்பாவின் பெயருக்கு. பி.எஸ்சி. சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் போய்விட்டது. எம்.எஸ்சி.யில் மறுபடியும் முன்னால், ஆனால் புள்ளி இல்லை. முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது முன்னெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயர் ஆனது. திருமணத்துக்குப் பிறகு விசாவுக்காக எடுத்த இரண்டாவது பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் கணவரின் பெயர் ஏறியது. நியூ ஜெர்சிச் சான்றிதழில் இது. அங்கே மாலை வகுப்பில் படித்து வாங்கிய கல்வியியல் முதுகலைப் பட்டத்தில், யாரோ ஒரு எழுத்தர் இரக்கப்பட்டு, அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டையும் போட்டுவிட்டார். ஆகமொத்தம் ஒரு பெண், ஆறு பெயர். மாநிலத்தின் கண்ணில் ஆறு பேர்.

இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் அனுப்பியவை: திருமணப் பதிவுச் சான்று, பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் (அப்பா, அம்மா, கணவர் பெயர்கள் அச்சாகும் பக்கம்; அது எவ்வளவு பெரிய வரம் என்று அன்றுதான் தெரிந்தது), நோட்டரி முன் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழி. அதில் ‘முன்னெழுத்து’ என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதல் எழுத்தையே பயன்படுத்துவோம் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. நோட்டரி வங்கியில் வேலை பார்க்கும் ஒரு வயதான மனிதர். படித்துவிட்டு, “அப்படியென்றால் உன் குழந்தைகளின் பெயர்?” என்றார். அதைச் சொன்னால் ஏழாவது பெயர் வரும் என்பதால் சிரித்து வைத்தேன்.

நோட்டரி முத்திரை குத்தும்போது எனக்குப் பச்சை மை நினைவுக்கு வந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்கு நகல்களில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் வாங்க அப்பாவோடு சைக்கிளில் போவேன். அரசு மருத்துவர் ஒருவர் நோயாளிகளுக்கு நடுவில் பச்சை மைப் பேனாவைத் திறப்பார். பன்னிரண்டு நகல், பன்னிரண்டு கையெழுத்து, ஒரு பைசா வாங்க மாட்டார். வங்கி மனிதரும் வாங்கவில்லை.

பட்டங்களின் கதை இதைவிட நீளம், ஆனால் சுவையில்லாத நீளம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். 2015இல் வாங்கியது என்னிடம் இருந்தது. ஆனால் என்னிடம் இருப்பது கணக்கில்லை, நிறுவனம் நேரடியாக அனுப்புவதுதான் கணக்கு. அதற்கு ஒரு கட்டணம். நம் ஊர் மூன்றாண்டு இளங்கலையைத் தனியாகக் காட்டினால் இங்கே பல மதிப்பீடுகளில் அது மூன்றாண்டுப் படிப்பாகத்தான் நிற்கும், முழு இளங்கலையாக ஏறாது. மேலே உள்ள எம்.எஸ்சி.தான் என்னைக் காப்பாற்றியது. மதிப்பெண் பட்டியலின் உறையிட்டு ஒட்டிய பிரதி ஒன்று தேவைப்பட்டு ஊரில் தம்பியை அலைய விட்டேன். மூன்று முறை போனான். மூன்றாவது முறை அந்தப் பிரிவு எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். நான்காவது முறை கிடைத்தது. அமெரிக்கப் பட்டம் ஒன்று கையில் இருந்ததால் டோஃபல் ஆங்கிலத் தேர்விலிருந்து தப்பினேன். இந்தியப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள் டெக்சஸுக்குப் போவதற்கு முன் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தவள், தலையாய காகிதத்தில் கோட்டை விட்டேன். நியூ ஜெர்சிச் சான்றிதழ் என்று நான் பதிவேற்றியது 2018இன் நிலையான சான்றிதழ் அல்ல, 2016இன் தகுதிச் சான்று. இரண்டும் ஒரே நிறம், ஒரே முத்திரை, ஒரே கோப்பு. வெளிமாநிலம் மதிப்பது நிலையான சான்றிதழைத்தான். தகுதிச் சான்று என்பது ‘இவரை வேலைக்கு எடுக்கலாம்’ என்பதற்கு மட்டுமே. மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது: நீங்கள் அனுப்பியது போதாது. ஒரு நிமிடம் எனக்கு மூச்சே நின்றது. பிறகு கோப்பைத் திறந்து பார்த்து, யாரையும் திட்ட வழியில்லாமல், என்னையே திட்டிக்கொண்டேன். மாணவர்களிடம் தினமும் சொல்வேன், கேள்வியை முழுதாகப் படி, பிறகு எழுது என்று.

அடுத்து கைரேகை. நியூ ஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது பத்து விரலும் கொடுத்திருந்தேன். அது நியூ ஜெர்சி விரல். டெக்சஸுக்கு டெக்சஸ் விரல் வேண்டும். குடிபோன நான்காவது நாள், நூறு டிகிரிக்கு மேல் கொளுத்துகிற மதியத்தில், ஒரு சிறிய கடைத்தொகுதியில் நகப்பூச்சுக் கடைக்கும் வரிக் கணக்கு அலுவலகத்துக்கும் நடுவில் இருந்த மையத்துக்குப் போனேன். இயந்திரம் என் வலது கட்டைவிரலை எடுக்க மறுத்தது. நான்கு முறை. இயக்கிய பெண் ஏதோ களிம்பைத் தடவி, “நீங்கள் ஆசிரியையா? ஆசிரியர்களுக்கும் நர்ஸுகளுக்கும் இப்படித்தான், கை கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துவிடும்” என்றாள்.

எங்கள் பெரியம்மா முக்கூடலில் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். ரேஷன் கடை இயந்திரம் அவருடைய விரலை எடுப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் கடைக்காரர் விரலை மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார், பெரியம்மா ஒவ்வொரு விரலையும் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார். அந்தக் களிம்பு வாசனையோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவருடைய கை தெரிந்தது. ஐந்தாவது முறை பச்சை விளக்கு எரிந்தது.

ஜூலை கடைசியில் ஓராண்டுச் சான்றிதழ் வந்தது. வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களுக்கு டெக்சஸ் தரும் இடைக்கால ஏற்பாடு அது: ஓர் ஆண்டு பாடம் நடத்தலாம், அதற்குள் மாநிலம் கேட்கும் தேர்வுகளை முடிக்க வேண்டும். அதன் பலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா கிடைத்தது. நேர்முகம் முழுவதும் காணொளியில்தான். தலைமையாசிரியை என்னிடம் கேட்ட ஒரே கணிதக் கேள்வி, பின்னத்துக்குப் பயப்படும் குழந்தைக்குச் சாய்வு விகிதத்தை எப்படிச் சொல்லித் தருவாய் என்பது. வழுக்குப்பாறையும் கோயில் படிக்கட்டும் என்று ஆரம்பித்தேன், அவர் சிரித்துவிட்டார். இந்த நான்கு மாதத்தில் நான் பாடம் நடத்துவதைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

நியூ ஜெர்சியில் ‘கணித ஆசிரியர்’ என்றால் கணித ஆசிரியர்தான், எந்த வகுப்புக்கும். டெக்சஸ் வயதை வைத்து நறுக்குகிறது: கணிதம் 4 முதல் 8, கணிதம் 7 முதல் 12 என்று தனித்தனி. அல்ஜீப்ரா நடத்துபவள் என்பதால் இரண்டாவதை எடுத்தேன். பாடத் தேர்வுக்கு, வேறு மாநிலத்தில் எழுதியதைக் காட்டி விலக்குக் கேட்க வழி உண்டு. அதற்கு இன்னொரு அதிகாரப்பூர்வ மதிப்பெண் அட்டை, இன்னொரு காத்திருப்பு, அதில் இன்னொரு பெயர். எழுதித் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தேர்வு ஒன்றுக்கு 116 டாலர். கணக்குத் தேர்வை எழுதுவது எனக்குத் தண்டனை அல்ல. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை போய் எழுதிவிட்டு, வரும் வழியில் இர்விங்கில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மற்றொன்று பி.பி.ஆர். கற்பித்தல் முறையும் தொழில்முறைப் பொறுப்பும். நூறு கேள்விகள், ஒவ்வொன்றிலும் நான்கு விடை, நான்கும் சரிபோலவே இருக்கும். கணிதக்காரிக்கு இது பெரிய சித்திரவதை. நான்கில் ஒன்றுதான் சரி, மற்ற மூன்றும் தப்பு என்பதில்தானே எங்கள் பிழைப்பே இருக்கிறது. இங்கே ‘ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது எது’ என்று கேட்பார்கள்.

பயிற்சிக் கேள்விகளில் என் கை எங்கே போகிறது என்று கவனித்தேன். நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு குழந்தை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் பயின்ற ஆசிரியை அந்தக் குழந்தையை எழுப்பிப் பேச வைப்பாள். கூச்சம் போக வேண்டாமா? நியூ ஜெர்சி ஆசிரியை வீட்டுக்கு ஃபோன் செய்வாள். தேர்வு எதிர்பார்க்கும் ஆசிரியை அதை இன்னொரு குழந்தையோடு இருவராக உட்கார வைத்து, முதலில் அந்த ஒருவரிடம் பேச விட்டு, பிறகு நான்கு பேர், பிறகு வகுப்பு. மூன்றாவது ஆசிரியை என்னைவிட நல்லவள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் முதன்முதலில் நியூ ஜெர்சி ஆசிரியர் கூட்டத்தில் ஒன்றரை மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது, யாராவது என்னை இருவராக உட்கார வைத்திருக்கலாம்.

ஆனால் அந்தத் தேர்வில் உண்மையிலேயே எனக்குத் தெரியாமல் இருந்து, தெரிந்துகொண்டே ஆக வேண்டியிருந்தது சட்டப் பகுதிதான். குழந்தை வீட்டில் அடிபடுகிறது என்ற சந்தேகம் வந்தால் நியூ ஜெர்சியில் உடனே தெரிவிக்க வேண்டும். டெக்சஸில், நான் தேர்வு எழுதியபோது, 48 மணி நேரத்துக்குள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்பது செல்லாது. பார்த்தவரே சொல்ல வேண்டும். இதற்காகவாவது ஒரு மாநிலம் தன் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயம் என்று பட்டது. ஒட்டுமொத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த இடத்தில் சுருதி இறங்கிவிட்டது.

தேர்ச்சிக்கு 240 வேண்டும், உச்சம் 300. கணிதத்தில் 289. பி.பி.ஆரில் 256. எது எந்த ஊர் மதிப்பெண் என்று அப்பாவுக்கு விளக்கவில்லை.

சான்றிதழாவது வந்தது. கூடவே வராதவை சில உண்டு. குடிபெயர்பவர்களிடம் யாரும் இதை முதலில் சொல்வதில்லை. நியூ ஜெர்சியில் நான்கு ஆண்டும் ஒரு நாளும் வேலை பார்த்தால் பணி நிரந்தரம். 2020 செப்டம்பரில் எனக்குக் கிடைத்தது, அந்த ‘ஒரு நாள்’ அன்று கேக் வெட்டினோம். டெக்சஸில் நான் மறுபடியும் தகுதிகாண் பருவம், 44 வயதில். ஓய்வூதியம் இன்னும் மோசம். நியூ ஜெர்சி ஆசிரியர் ஓய்வூதிய நிதியில் பத்து ஆண்டு இருந்தால்தான் ஓய்வூதிய உரிமை, என்னுடையது ஏழு. முதுமையில் ஓய்வூதியம் தருவதற்காகச் சமூகப் பாதுகாப்பு என்று நாடு முழுவதும் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதற்கு 40 புள்ளி வேண்டும், ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு. ஏழு பள்ளி ஆண்டுகள் எட்டு நாட்காட்டி ஆண்டுகளில் விழுந்ததால் எனக்கு 32. டெக்சஸின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் சமூகப் பாதுகாப்பில் சேராதவை, என்னுடையதும் அப்படித்தான். ஆகவே 32 அங்கேயே நிற்கிறது. இங்கே சம்பளத்தில் 8.25 சதவீதம் மாநில ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் போகிறது, ஐந்து ஆண்டில் உரிமை வரும். இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்தவர்களின் சமூகப் பாதுகாப்புத் தொகையை வெட்டும் பழைய விதிகளை 2025 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் வெட்டாமல் தருவதற்கு முதலில் 40 வேண்டுமே. விடுமுறையில் வேறு ஏதாவது சிறு வேலை செய்து அந்த எட்டுப் புள்ளியைத் தேற்றலாம் என்கிறார் கணவர். கோடையில் தமிழ்ப் பள்ளியில் சம்பளம் தருவார்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

வகுப்பறையைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. டெக்சஸுக்குத் தனிப் பாடத்திட்டம்; நாட்டின் பெரும்பகுதி எடுத்துக்கொண்ட பொதுத் தரநிலையை இங்கே எடுக்கவில்லை. எட்டாம் வகுப்புவரை கணிதத்தில் கடன், வட்டி, சேமிப்பு என்று குடும்ப நிதிப் பாடம் ஒன்று உண்டு. கூட்டுவட்டி நடத்தும்போது கந்துவட்டிக் கதை சொன்னேன், ஒரு பையன் வாயைப் பிளந்துவிட்டான். மற்றபடி எதிர்க்குறிக்கு முன்னால் அடைப்புக்குறியை மறக்கும் பிள்ளைகள் எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரிதான் மறக்கிறார்கள்.

ஐந்தாண்டுச் சான்றிதழ் 2024 ஜனவரியில் வந்தது. ஐந்தாண்டில் 150 மணி நேரம் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறந்த மாதத்தின் கடைசி நாள் அது காலாவதியாகும். காலாவதியே இல்லாத நியூ ஜெர்சிச் சான்றிதழ் மேசை இழுப்பறையில், காப்பீட்டுக் காகிதங்களுக்கு அடியில் கிடக்கிறது.

சம்பள நிலையை நிர்ணயிக்க மட்டும் ஒன்று பாக்கி இருந்தது. முந்தைய ஏழு ஆண்டு அனுபவத்தைக் கணக்கில் எடுக்க, பழைய பள்ளி மாவட்டம் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். படிவத்தின் பெயரைப் பார்த்ததும் ஃபோனை எடுத்தேன். டெக்சஸில் அதன் பெயர் ‘டீச்சர் சர்வீஸ் ரெக்கார்ட்’. ஆசிரியர் பணிப்பதிவேடு.

நிரப்பி வந்த படிவத்தைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். எனக்குச் சான்றிதழ் வந்தபோது “சரி” என்று ஒரு சொல்லோடு நிறுத்தியவர், இதற்கு அரைமணி நேரம் கழித்து அவரே அழைத்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கட்டம் கட்டமாகப் படித்திருக்கிறார்.

“எல்லாம் சரியாக இருக்கிறதம்மா. பணியில் சேர்ந்த நாள், முடித்த நாள் எல்லாம் போட்டிருக்கிறான். விடுப்புக் கணக்குக்கு நேரே யாரும் சுருக்கொப்பம் இடவில்லையே. திருப்பி அனுப்பிக் கேள்.”